ஒழுங்கை திருத்தியவர்களின் அனுபவங்கள்: வெள்ளம் வடிய வழி விட்டீர்களா?

தம்பலகாமம்

பிரதேச சபை கிராவல் தந்தது, வயற்காரர் உழவு இயந்திரங்களைக் கொடுத்தார்கள், மிகுதியெல்லாம் ஊராரின் கைவேலை. சிரமதானம் எப்படி நடக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். என் மனத்தை விட்டு அகலாதது வளைவு வீட்டு ஆச்சியின் செயல். வடிகாலுக்கு இடம் போதாது என்று நாங்கள் கயிறு பிடித்துப் பேசிக்கொண்டிருக்கையில், ஒருவரும் கேளாமலே அவர் அலவாங்கை எடுத்துவந்து தமது வேலியின் முதற் கதியாலை அசைக்கத் தொடங்கினார். "நான் கண்ணை மூடினாப் பெட்டி கொண்டுபோற வண்டியாவது வாசலுக்கு வரவேணும், தம்பி. இரண்டு அடி உள்ளுக்கு எடுங்கோ" என்றார். அடுத்த மாரியில் ஒழுங்கையில் ஒரு சொட்டு நீர் தேங்கவில்லை. பின்னர் கொங்கிறீட் இட வந்த ஒப்பந்தகாரர், அகலம் கூட்டுவதற்காக அந்த வடிகாலைத் தூர்த்து, அதன் மேலேயே வீதியை உயர்த்திவிட்டார். இப்போது மார்கழி மழையில் வீதி காய்ந்து கிடக்கிறது. நிலம் விட்டுக்கொடுத்தவரின் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.

மூதூர்

மேலே எழுதியவரின் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் சிரமதானத்தை இவ்வளவு உயர்த்திப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஊர் வீதிகளின் பொறுப்பைச் சபையிடமே வைத்திருக்கிறது. நாம் மண்வெட்டியோடு இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொறுப்புச் சற்று நழுவுகிறது. எங்கள் பகுதி இளைஞர்கள் நல்ல மனத்துடன்தான் இடித்த வீட்டின் உடைசல்களைக் கொட்டிக் குழிகளை நிரப்பினார்கள். மறுநாட் காலை, பாடசாலைக்குப் புறப்பட்ட ஆசிரியை ஒருவர் சேலையை இடுப்பிற் செருகிக்கொண்டு நடுவீதியிற் குந்தியிருந்து, கூரான டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பிள்ளைகள் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சிக்குப் பின் நான் மண்வெட்டி பிடிக்கவில்லை; மனு எழுதுகிறேன்.

உவர்மலை (ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர்)

மூதூர் நண்பர் மனு எழுதுவது நல்லது, ஆனால் எல்லா வீதியும் சபையுடையதன்று. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-15 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும் உரியவை. உள் ஒழுங்கைகளே பெரும்பாலும் சபையின் கையில் உள்ளன. மனுவைத் தவறான கதவில் கொடுத்துக் காலத்தை இழந்த சங்கங்கள் பல.

வேலையில் இறங்குவோருக்கும் சில சொல்ல வேண்டும். 3 மீற்றர் அகலக் கிராவல் ஒழுங்கையில் நடுப்பகுதி ஓரங்களைவிட 6 அல்லது 7 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாகப் பரப்பினால் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதுமே சில்லுத் தடங்கள் வாய்க்காலாகிவிடும். கிராவலை ஒரேயடியாகக் கொட்டி மேலால் உருளை ஓட்டுவது வீண். 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத படையாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இறுக்க வேண்டும். கையிற் பிடித்த மண் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அதுவே சரியான பதம். தார் வீதிக் குழியென்றால் நீரை இறைத்து, உதிரும் ஓரங்களை நேர்ச்சுவராக வெட்டிய பின்பே நிரப்ப வேண்டும். இவையெல்லாம் புரட்டாசி முடிவதற்குள் நடக்க வேண்டும்.

நான் கண்டதையும் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கத்தில் ஒரு மதகின் வாயிலிருந்து பொலித்தீன் பைகளையும் ஊறிப் பருத்த ஒரு தலையணையையும் இழுத்தெடுத்தோம். அடுத்த கணமே வீதியில் நின்ற வெள்ளம் இரைச்சலோடு இறங்கியது.

கிண்ணியா

ஊரார் இறங்கினால் பொறுப்பு நழுவும் என்ற மூதூர்க்காரரின் கருத்துக்கு எங்கள் ஒழுங்கையே மறுப்பு. அதற்குக் கொங்கிறீட் இடும் வேலை வெளியார் எவருக்கும் போகாமல் எங்கள் மாதர் சங்கத்துக்கே கிடைத்தது. சீமெந்துப் பைகளை நாங்களே எண்ணினோம். கலவை இலகுவாக ஓடட்டும் என்று மேசன் இன்னொரு வாளித் தண்ணீரைத் தூக்கியபோது, எங்கள் பொருளாளர் வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நானா, தண்ணி கூடினா வெடிக்கும் எண்டு ரீ.ஓ. (தொழினுட்ப உத்தியோகத்தர்) சொல்லிட்டுத்தான் போனவர். ஊத்த விடமாட்டன்" என்றார். சற்றுநேரம் இருவரும் வாளியை விடவில்லை; பின்பு மேசனே சிரித்துக்கொண்டு அதைக் கீழே வைத்தார். போட்ட கொங்கிறீட்டுக்கு 7 நாளும் ஈரச்சாக்குப் போர்த்து, மாடு மிதிக்காமல் முறைவைத்துக் காவல் இருந்தோம். வடிகாலைத் தூர்க்க எவரையும் விடவில்லை. மூட்டு இடைவெளிகளுக்குத் தார் ஊற்றுவது மட்டும் பாக்கி. அதற்கான காசை வீடு வீடாகச் சேர்த்துவருகிறோம்.