தரம் 10 பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடப் பழக்குவது எப்படி?

ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். தேயிலை இலங்கைக்கு எப்போது வந்தது என்று தேடச் சொன்னேன். ஒருத்தி 1824 என்றாள், இன்னொருவன் 1867. இரண்டு பேரும் கூகுளில் முதலில் வந்ததை அப்படியே கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். லயத்தில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். எங்கே தொடங்குவது?

பதில் (பண்டாரவளை):
மிஸ், இரண்டுமே சரி! 1824இல் பேராதனைப் பூங்காவுக்குச் செடி வந்தது. 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தோட்டமாக நட்டார். "அந்த ஆண்டில் என்ன நடந்தது?" என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

பதில் (தலவாக்கலை):
கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழிலும் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. அப்புறம், போன் உள்ள பிள்ளையோடு இல்லாத பிள்ளையைச் சோடி சேருங்கள்.

கேட்டவர்:
நன்றி சேர். இன்று வகுப்பில் அந்த 1824 பிள்ளை, "இந்தப் பக்கத்தை யார் எழுதினது மிஸ்?" என்று தானாகக் கேட்டாள். மனம் நிறைந்துவிட்டது.