வேல்ஸில் கெல்டிக் மொழிகள் படிக்கலாமா? புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, அவருக்கு வேல்ஸில் மருத்துவமனை வேலை. நான் தமிழ் எம்.ஏ. முடித்தவள். இங்கே கெல்டிக் படிப்பு என்று ஒன்று இருக்கிறதாமே, நமக்கு ஒத்துவருமா? இல்லை, எல்லாரும் சொல்கிற மாதிரி ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்துவிடட்டுமா?" இதையே வேறு இரண்டு பேரும் கேட்டுவிட்டதால் இங்கேயே விரிவாக எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. ஒன்பது வருடமாக அபெரிஸ்ட்வித்தில் இருக்கிறேன், வெல்ஷும் கெல்டிக் படிப்பும் இங்கேதான் படித்தேன். ஒத்துவரும் தங்கை. தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே ஒத்துவரும். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டும் முன் ஆறு மாதமாவது மாலை வகுப்பில் வெல்ஷ் படித்துப் பார். வேல்ஸ் முழுக்க 'தஸ்கி கம்ரைக்' என்ற பெயரில் அரசு உதவியோடு வகுப்புகள் நடக்கின்றன. வெல்ஷ் மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கம்ரைக். 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கும் கட்டணம் குறைவுதான். நேரிலும் படிக்கலாம், வீட்டிலிருந்து இணையத்திலும் படிக்கலாம். அந்த ஆறு மாதத்தில் மொழி பிடிக்கிறதா என்று உனக்கே தெரிந்துவிடும்.

முதலில் பெயர். 'கெல்டிக்' என்று சொல்லுங்கள். 'செல்டிக்' என்பது கிளாஸ்கோ கால்பந்து அணி. மொழிகள் ஆறு. ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகியவை ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரான்சின் பிரித்தனியில் பேசும் பிரெத்தோன் ஆகியவை இன்னொரு கிளை. மாங்க்ஸைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மாட்ரெல் 1974ல் இறந்துபோனார். இன்று அந்தத் தீவில் பிள்ளைகள் அதே மொழியில் பள்ளிக்கூடம் படிக்கிறார்கள். வகுப்பில் இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தக் குடும்பத்து மொழிகளில் சொல்லின் முதல் எழுத்து மாறும். பங்கோர் என்று ஓர் ஊர். பங்கோரில் என்று சொல்ல 'அம் மங்கோர்', பங்கோருக்கு என்று சொல்ல 'இ வங்கோர்'. மதுரையில், மதுரைக்கு என்று நமக்கு வால் மாறுகிறது, அவர்களுக்குத் தலை மாறுகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த சக மாணவர்கள் இதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். கண்ணும் நீரும் சேர்ந்தால் கண்ணீர், அங்கே ந எப்படி ண ஆனது என்று புணர்ச்சி விதி படித்தவளுக்கு மிரட்சி எதற்கு? ஆனால் அகராதி பார்க்கும்போது கவனம் வேண்டும். மங்கோர் என்று தேடினால் கிடைக்காது, எந்த எழுத்து எதிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகப் பழக வேண்டும். அந்த அட்டவணையை முதல் மாதமே மனப்பாடம் செய்துவிடுங்கள். வாய்ப்பாடு மாதிரி, பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

இன்னும் சில இடங்களில் நம் காது உதவும். வெல்ஷில் ஒன்றை 'உடைமையாக வைத்திருக்கிறேன்' என்பதற்குத் தனி வினைச்சொல் கிடையாது. நாம் 'என்னிடம் பூனை இருக்கிறது' என்போமே, அவர்களும் 'பூனை இருக்கிறது என்னோடு' என்கிறார்கள். சளி பிடித்தால் 'சளி இருக்கிறது என்மேல்'. 'வர்றியா?' என்று கேட்டால் நாம் 'வர்றேன்' என்று வினையாலேயே பதில் சொல்கிற மாதிரி அவர்களும் சொல்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் பொதுவாக ஒரே ஒரு 'ஆம்' அங்கே இல்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் 'தி', 'ஹி' என்று உண்டு. அந்த ஹி தொண்டையைத் தேய்த்துக்கொண்டு வரும். ஒன்று மட்டும் தலைகீழ்: நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு முதலில். வாய் திறந்ததும் வினை வர வேண்டும் என்பதற்குப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, மனதார சொல்கிறேன். இத்தனை ஒற்றுமையைப் பார்த்துவிட்டு 'வெல்ஷே தமிழிலிருந்து வந்ததுதான்' என்று வகுப்பில் எழுந்து சொல்லிவிடாதீர்கள். வெல்ஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், உறவு என்று பார்த்தால் இந்திக்குத்தான் நெருக்கம். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன என்பதே எனக்குப் போதுமான வியப்பு. ஒப்பிலக்கணம் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குக் காட்டியவரே இந்தப் பக்கத்து மனிதர்தான். எங்கள் ஊர்ப் பக்கம் இடையன்குடியில் அடக்கமாகியிருக்கும் கால்டுவெல் 1814ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய திராவிட ஒப்பிலக்கணம் வந்தது 1856ல். கெல்டிக் மொழிகளுக்கு அந்த அடித்தளத்தைப் போட்ட செய்ஸ் என்ற ஜெர்மன் அறிஞரின் இலக்கணம் 1853ல். அதற்கும் முன்பே 1707ல், எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ்காரர் இந்த மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று ஊர் ஊராக நடந்து சேகரித்துக் காட்டினார். இன்னொருவர், விட்லி ஸ்டோக்ஸ். பழைய ஐரிஷ் அறிஞர், பிழைப்புக்கு வக்கீல். 1862ல் நம் மதராசுக்குத்தான் வேலைக்கு வந்தார். பிறகு கல்கத்தாவிலும் சிம்லாவிலும் இருந்துகொண்டு பழைய ஐரிஷ் நூல்களை அச்சிட்டார். நீங்கள் எதிர்த்திசையில் வருகிறீர்கள், அவ்வளவுதான்.

பழைய ஐரிஷ் பாடம் கட்டாயமாக வந்தால் மற்ற பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'தோ-பெர்' என்றால் கொடுக்கிறான், 'நீ தவிர்' என்றால் கொடுப்பதில்லை. இரண்டும் ஒரே வினைதான். முன்னால் ஒரு 'இல்லை' வந்ததும் சொல்லே அடையாளம் தெரியாமல் சுருங்கிவிடும். முன்னொட்டு சேர்ந்த வினைகள் பலவும் இப்படித்தான்.

தமிழ் படித்தவர்கள் தவறவிடக் கூடாதது வெல்ஷ் யாப்பு. 'கங்ஹானெத்' என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அதில் ஒரு வகையில் அடியின் முன்பாதியில் வரும் மெய்யெழுத்துகள் அதே வரிசையில் பின்பாதியிலும் வர வேண்டும். நம் மோனை எதுகையை இறுக்கிக் கட்டியது போல இருக்கும். 'எங்லின்' என்று ஒரு பா, நாலே வரி, முப்பது அசை. வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு அதன் சுகம் உடனே தெரியும். இது ஏட்டில் மட்டும் இருக்கிற சங்கதியும் இல்லை. வானொலியில் கவிஞர் அணிகள் மோதுகின்றன, விவசாயிகளும் ஆசிரியர்களும் அதில் பாடுகிறார்கள். ஆகஸ்டில் தேசிய ஐஸ்தெத்வொத் விழா, ஒரு வருடம் வடக்கே, ஒரு வருடம் தெற்கே. மரபுப்பாவில் வென்றவருக்கு நாற்காலி பரிசு. புனைபெயரில்தான் போட்டிக்கு அனுப்ப வேண்டும். முடிவை அறிவிக்கும்போது ஆயிரக்கணக்கானோர் நடுவிலிருந்து அந்தக் கவிஞர் எழுந்து நிற்பார், விளக்கொளி அவர்மேல் விழும். முதல் வருடமே போய்ப் பாருங்கள். வெல்ஷ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்புக் கருவி தருவார்கள்.

ஊரைப் பற்றி. அபெரிஸ்ட்வித் ரயில் பாதை முடிகிற கடற்கரை ஊர். பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம். பல்கலைக்கழகம் 1872ல், கட்டி முடிக்காத ஒரு கடற்கரை ஓட்டல் கட்டடத்தில் தொடங்கியது. ஏழை எளிய மக்கள் சில்லறைக் காசாகக் கொடுத்து வளர்த்த கல்லூரி என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மேட்டின்மேல் தேசிய நூலகம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கார்மார்த்தன் கருப்பு நூல் என்ற சுவடி அங்கேதான் இருக்கிறது. வாசகர் அட்டை வாங்கிவிடுங்கள், காசு இல்லை. வெல்ஷ் பேரகராதி தயாராவதும் இதே ஊரில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் வெளிவரத் தொடங்கியது 1924ல், இவர்கள் அகராதி வேலையைத் தொடங்கியது 1921ல். முதல் பதிப்பு முடிந்தது 2002ல்!

ஆற்றுக்கு மேலே ட்ரெவெஹன் பாலம் இருக்கிறது. 1963 பிப்ரவரியில் மாணவர்களும் இளைஞர்களும் அதில் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். எங்களுக்கு நீதிமன்றச் சம்மன் எங்கள் மொழியில் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு இரண்டு வருடம் கழித்து நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வந்த புதிதில் அந்தப் பாலத்தில் நடக்கும்போதெல்லாம் 1965ஐப் பற்றி என் தாத்தா சொன்னவை நினைவுக்கு வரும். இன்று சாலையில் பெரிதாக 'அரவ்' என்று வெல்ஷில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள், 'மெதுவாக' என்று பொருள். அந்தச் சொல் சும்மா வந்ததில்லை.

பேசிப் பழகுவதுதான் கஷ்டம். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுவதும் வெல்ஷ் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், 17.8 சதவீதம். எங்கள் கெரெதிகியோன் மாவட்டத்தில் 45 சதவீதம். ஆனால் நாம் ஒரு சொல்லில் தடுமாறினால் போதும், உதவி செய்வதாக நினைத்து உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நானும் அப்படியே ஆங்கிலத்துக்கு ஓடிப்போய் முதல் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். வெட்கப்படாமல் 'கம்ரைக், ஓஸ் க்வெலுஹ் அன் தா' என்று சொல்லுங்கள். தயவுசெய்து வெல்ஷிலேயே பேசுங்கள் என்று அர்த்தம். முகம் மலர்ந்துவிடும். ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு வாய் வராது, ஆனால் பழக வேண்டும்.

பணமும் விசாவும். மாணவர் விசாவில் வந்தால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். 2024 சனவரிக்குப் பிறகு, ஆய்வுப் படிப்பு தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஊரில் ஏஜெண்ட் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவில் வந்தவர்கள் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் கட்டணம் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வரும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும்வரை மாலை வகுப்பில் படித்துக்கொண்டே காத்திருப்பதும் புத்திசாலித்தனம்தான், என் தோழி ஒருத்தி அப்படித்தான் செய்தாள். வெல்ஷ் வழியாகப் படிப்பவர்களுக்குத் தனி உதவித்தொகைகள் உண்டு, துறையிலேயே கேளுங்கள்.

"படித்துவிட்டு என்ன வேலை?" ஊரில் எல்லாரும் கேட்பார்கள். 2050க்குள் பத்து லட்சம் வெல்ஷ் பேசுவோர் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. அதற்கு ஆசிரியர்கள் வேண்டும், மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். மாவட்ட அலுவலகம், மருத்துவமனை என்று பொதுத்துறையில் வெல்ஷ் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. பழைய ஐரிஷை மட்டும் நம்பினால் ஆராய்ச்சி ஒன்றுதான் வழி, இடங்களும் குறைவு. அதனால் வாழும் மொழி ஒன்றை வாய் நிறையப் பேசுகிற அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள், மீதியை அதன்மேல் கட்டலாம்.

குழந்தை இருந்தால் வெல்ஷ் வழிப் பள்ளியில் போடப் பயப்படாதீர்கள். முதல் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளியே இந்த ஊரில்தான், 1939ல், ஏழு பிள்ளைகளோடு தொடங்கியது. என் மகள் வீட்டில் தமிழ், பள்ளியில் வெல்ஷ். ஆங்கிலத்தை நாங்கள் சொல்லித்தரவே இல்லை, தானாக வந்துவிட்டது.

முருகன் கோயில் எங்கே என்று கேட்ட தம்பிக்கு: கார்மார்த்தன் பக்கம் ஸ்கந்த வேல் என்று ஓர் ஆசிரமம், இலங்கையில் பிறந்த ஒரு குரு 1973ல் நிறுவியது. லண்டனிலிருந்தெல்லாம் நம்மவர்கள் வருவார்கள். இங்கிருந்து பேருந்து கார்மார்த்தன்வரைதான். அங்கிருந்து கார் வைத்திருக்கும் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். காரில் இடம் இருந்தால் நான் கூட்டிப் போகிறேன்.

குடை கொண்டுவர வேண்டாம், இந்தக் கடற்காற்றுக்கு ஒரு நாள் தாங்காது. தலைமூடி வைத்த நல்ல மழைக்கோட்டு ஒன்று போதும். புதிய வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் தொடங்கும், அதற்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.