மறு: ஸ்டேர்ஜனுக்குத் தமிழ்ப்பெயர் – ‘சுறாக்கெளிறு’ வேண்டாம்

குழுமத்தாருக்கு வணக்கம். நாம் எழுதும் மீன்வளர்ப்புக் கைநூலில் ஸ்டேர்ஜன் (sturgeon) என்ற குளிர்நீர் மீனுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். கொட்டாஞ்சேனை ஐயா எழுதியது:

> உருவம் சுறா, மீசை கெளிறு. ‘சுறாக்கெளிறு’ என்றால் யாருக்கும் உடனே விளங்கும்.

ஐயா, உடனே விளங்கிவிடும் என்பதுதான் எனக்குப் பயம். கொழும்பில் ஒரு வளர்ப்புமீன் கடையில் ‘ஷார்க்’ என்று கேட்டுப் பாருங்கள். செவ்வால் ஷார்க், பாலா ஷார்க், பங்காசியஸ் எல்லாம் காட்டுவார்கள். ஒன்றுகூடச் சுறா இல்லை. முதலிரண்டும் கெண்டைக் குடும்பம், மூன்றாவது கெளிற்று இனம். எல்லாம் வெப்பநாட்டு மீன்கள், நம் ஊர்த் தண்ணீரிலேயே வளர்பவை. இந்த வரிசையில் ‘சுறாக்கெளிறு’ம் வந்து சேர்ந்தால், வாங்குகிறவர் அதையும் அதே தொட்டியில்தான் விடுவார்.

கெளிறு என்ற பாதி இன்னும் மோசம். நம் ஆட்களுக்குக் கெளிறு, சுங்கான் என்றாலே லேசில் சாகாத மீன். சுங்கான் வெளிக்காற்றையும் சுவாசிக்கும்; கலங்கல் தண்ணீரில்கூடக் காலம் தள்ளிவிடும். ஸ்டேர்ஜன் நேர் எதிர். கரைந்த ஒட்சிசன் குறைந்தால் சீக்கிரமே திணறிப்போகும். 15 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் சுமார் 10 மில்லிகிராம் ஒட்சிசனை வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு ஒட்சிசன் தேவை கூடுகிறது, தண்ணீரில் அதன் இருப்போ குறைகிறது. வீட்டுக் குளங்களுக்கு விற்கப்படும் ஸ்டெர்லெட் என்ற சிறிய ஸ்டேர்ஜன் இனம் 20 பாகைக்குக் கீழேதான் சுகமாக இருக்கும். கொழும்பில் நிழலில் வைத்த தொட்டியே 27, 28 காட்டும். ஆக, குளிரூட்டியும் காற்றூட்டியும் இரவு பகலாக ஓடவேண்டும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டுப் பார்த்த ஊர் இது.

(நுவரெலியாப் பக்கம் வளர்க்கலாமே என்று யாராவது எழுதுவீர்கள். அங்கே குளிர் உண்டு, ட்ரவுட் மீனை வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஓடைகளுக்கு இன்னொரு வெளிநாட்டு மீன் தேவையா என்பதை வேறு இழையில் பேசுவோம்.)

விஞ்ஞானப்படியும் ‘சுறா’ நிற்காது. வன்கூட்டின் பெரும்பகுதி கசியிழையமாக (குருத்தெலும்பாக) இருப்பதாலும், வாலின் மேல்மடல் நீண்டிருப்பதாலும் சுறாவின் சாயல் தெரிகிறது, அவ்வளவுதான். வகைப்பாட்டில் இது என்பு மீன்களோடு சேர்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை எழுதிய ‘கவசமீன்’ இதைவிட நல்லது. ஆனால் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் மீனுக்கும் உடம்பெல்லாம் கவசம். தொட்டிக் கண்ணாடியை நக்கிக்கொண்டு கிடக்கும் அதையும் இதையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது.

என் முன்மொழிவு: ‘ஐவரிமீன்’. ஸ்டேர்ஜனின் உடம்பில் என்புத்தகடுகள் ஐந்து வரிசையாக ஓடுகின்றன: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, வயிற்றோரம் இரண்டு. குஞ்சில் கூராகவும் முதிர்ந்த மீனில் மழுங்கியும் இருந்தாலும் வரிசை தெரியும். அந்தத் தகட்டைச் ‘செதில்’ என்று எழுதவேண்டாம். கெண்டைச் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதில்லை, உரித்தெடுக்கவும் வராது.

கைநூலின் மற்றச் சொற்கள்: தொட்டியிலோ குளத்திலோ அடைத்து வளர்ப்பதற்குச் ‘சிறைவளர்ப்பு’ எனக்குச் சம்மதம். இழையிழையாக வளரும் பாசிக்கு ‘இழைப்பாசி’ போதும், ஆனால் அந்தப் பந்தியை இன்னும் அழுத்தி எழுதவேண்டும். ஸ்டேர்ஜன் முன்னோக்கி நீந்தவே அமைந்த மீன், பின்வாங்குவது அதற்குக் கடினம். இழைப்பாசிக்குள் மூக்கை நுழைத்துச் சிக்கினால் வெளியே வரத் தெரியாமல் சாகும். மூலையுள்ள தொட்டியில் மூக்கு உரசிப் புண்ணாகும். அதனால்தான் பண்ணைகளில் வட்டத்தொட்டி. உணவுப் பந்தியில் ‘மிதக்கும் தீன்’ என்று இருப்பதைக் கட்டாயம் மாற்றுங்கள். வாய் தலையின் அடிப்பக்கம். அடியைத் தடவித்தான் தின்னும். புரதமும் எண்ணெயும் மிகுந்த, தாழும் தீன் வேண்டும். கோய் மீன்களோடு (அழகுக்கு வளர்க்கும் கெண்டைகளோடு) விட்டால் அவை மேலேயே எல்லாவற்றையும் முடித்துவிடும், இது குளம் நிறையத் தீன் போட்டும் பட்டினி கிடக்கும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து

——

வணக்கம் அண்ணா.

சுறாவும் கெளிறும் போகட்டும். ஆனால் ‘ஐவரி’ என்று அட்டையில் எழுதினால் எங்கள் பிள்ளைகள் யானைத்தந்த நிறம் என்றுதான் வாசிப்பார்கள். வெளிநாட்டுக் கடைகளில் வெளிறிய ஸ்டெர்லெட்டும் விற்கிறார்கள், அதன் நிறமும் ஏறக்குறைய அதுதான்! ‘ஐந்நிரைமீன்’ என்று வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. நிரை என்றால் வரிசை. ஆனிரையும் நினைவுக்கு வரும், வந்தால் வரட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். எந்தப் பெயர் வைத்தாலும் இனப்பெயரைத் தனியே எழுதவேண்டும். ஸ்டெர்லெட் ஒரு மீற்றர் அளவில் நின்றுவிடும். பெலூகா என்ற ஸ்டேர்ஜன் இனத்தில் 5 மீற்றரைத் தாண்டி, 1000 கிலோவுக்கு மேல் நிறுத்த மீன்கள் பிடிபட்டிருக்கின்றன. குஞ்சில் இரண்டும் கையளவுதான். சட்டத்துக்கும் இனம் முக்கியம். 1998இலிருந்து எல்லா ஸ்டேர்ஜன் இனங்களும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) பட்டியலில் உள்ளன, எல்லை தாண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும்.

இனப்பெருக்கப் பந்தியில் எல்லா இடத்திலும் ‘முட்டை’ என்று இருக்கிறது. மீன் வயிற்றில் இருக்கும்வரை அது ‘சினை’. நம் சந்தையில் யாரும் மீன்முட்டை கேட்பதில்லை. கவியார் என்பதும் கருக்கட்டாத சினையை உப்பிட்டதுதான். வெளியே வந்து கருக்கட்டிய பிறகு ‘முட்டை’ என்று எழுதலாம். இந்த வேறுபாடு இங்கே தேவை, ஏனென்றால் பண்ணையாளருக்கு இரண்டு கட்டத்திலும் வேறு வேறு தொல்லை. முதலாவது, வெளித்தோற்றத்தில் ஆண் பெண் தெரியாது. வயிற்றை மீயொலியால் பார்த்துத்தான் சினை இருக்கிறதா என்று அறிகிறார்கள். பெலூகாப் பெண் முதிர 15 வருடத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை தீன் போட்டுக் காத்திருக்கவேண்டும். தொட்டியில் தானாக முட்டையிடுவதும் அரிது, ஓமோன் ஊசி போடுகிறார்கள். இரண்டாவது, வெளியே வந்த முட்டை பிசுபிசுவென்று ஒட்டும். ஆற்றில் கல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் அந்தப் பிசின், பொரிப்பகத்தில் முட்டைகளைக் கட்டி கட்டியாக்கி மூச்சடைக்க வைக்கும். களிமண் கரைத்த நீரில் அலசி அதைப் போக்குகிறார்கள். இதற்குப் ‘பிசின்நீக்கம்’ என்று எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

——

பிள்ளைகளே,

‘சுறாக்கெளிறு’ என் செல்லப்பிள்ளை. ஆனாலும் சுங்கானைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகு அதைத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். தலைப்பில் ‘ஸ்டேர்ஜன்’ இருக்கட்டும். கடையில் அந்தப் பெயரைத்தான் கேட்கப்போகிறார்கள். முதற்பந்தியில் ‘ஐந்நிரைமீன்’, பிறகு இனப்பெயர்.

ஆனால் ‘பிசின்நீக்கம்’ என்றால் எனக்கு மரத்துப் பிசின்தான் கண்ணில் வருகிறது. ‘ஒட்டுநீக்கம்’ சரியா? பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இந்தக் குழுமத்தில் இருந்தால், அவர்கள் வாயில் வரும் சொல்லை எழுதுங்கள். இருவர் சொல்லையும் விட அதுதான் மேல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து