"ரீமொடலிங்": நாடிச் சுவருக்கு ஒரு சொல் வேண்டும்

ஆசிரியை, வெள்ளவத்தை:
வணக்கம். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு உயர் குருதியமுக்கம் பற்றிக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அகவணி, மழமழப்பான தசை, பரம்பரையலகு (ஜீன்) எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. "ரீமொடலிங்"தான் இடிக்கிறது. பிரஷர் நெடுநாள் கூடியே இருந்தால் சிறு நாடிகளின் தசைக் கலங்கள் இடம் மாறி, ஒடுங்கிய உள்ளிடத்தைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. பெரும்பாலும் சுவரின் பொருள் கூடுவதில்லை, ஆகவே "வளர்ச்சி" பொருந்தாது. மறுசீரமைப்பு எனலாமா?

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், கொட்டாஞ்சேனை:
டீச்சர், அந்தச் சொல்லைக் கண்டால் பிள்ளைகளுக்கு அரசியல் யாப்புத்தான் நினைவு வரும். நோயில் சீர் எங்கே இருக்கிறது? எனக்குத் தளை தட்டுகிறது. விகாரம் என்று போடுங்கள்.

டொக்டர், பம்பலப்பிட்டி:
சீர் இருக்கிறது ஐயா, சுவரின் பக்கம் நின்று பார்த்தால். லாப்லாசின் விதிப்படி ஆரை குறைந்து, அதே பொருளாலேயே சுவர் தடித்தால் சுவரில் விழும் தகைப்பு (ஸ்ட்ரெஸ்) குறையும். நாடி தன்னைக் காத்துக்கொள்கிறது. உடம்புக்குத்தான் கேடு: குருதியோட்டத்துக்கான தடை, ஆரையின் 4 ஆம் வலுவுக்கு நேர்மாறு. ஆரை 10 சதவீதம் ஒடுங்கினால் தடை ஏறக்குறைய 52 சதவீதம் ஏறும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியென்றால் கேளுங்கள். புணர்ச்சி இலக்கணத்தில் விகாரம் மூன்று. தோன்றலில் எழுத்துக் கூடும், கெடுதலில் குறையும், திரிதலில் எண்ணிக்கை மாறாமல் உரு மாறும். மண், குடம் சேர்ந்து மட்குடம் ஆவதுபோல. உங்கள் கலங்களும் அதைத்தானே செய்கின்றன?

டொக்டர்:
ஆச்சரியம்தான் ஐயா! பொருள் கூடுவது, குறைவது, மாறாதிருப்பது என்று எங்கள் ஆட்களும் இதை மூன்றாகத்தான் பிரிக்கிறார்கள்.

ஆசிரியை:
எனக்கும் ஆசைதான். ஆனால் பாடநூலில் விகாரம் என்றால் பரம்பரையலகில் நேரும் மாற்றம். லிடில் நோய்க்குறியில் சோடியம் கால்வாயின் பரம்பரையலகு விகாரமடைந்து பிரஷர் ஏறுவதை அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் இரண்டு விகாரமா? திரிபும் சரிவராது, கொரோனாவோடு போய்விட்டது.

மென்பொருள்காரத் தம்பி, தெஹிவளை:
மீளமைவு? மீளமைப்பு வேண்டாம், அது பிறவினை. நாடியை யாரும் அமைக்கவில்லை, தானாக அமைகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
தன்வினை நல்ல கவனம், தம்பி. ஆனால் "மீள்" இந்த நாட்டில் மீள்குடியேற்றத்தின் சொல், பழைய இடத்துக்கே திரும்புவது. நாடி அப்படியா திரும்புகிறது?

தம்பி:
சரி, மாற்றமைவு.

சென்னையிலிருந்து ஒருவர்:
நாடி என்பது துடிப்பல்லவா? தமனி என்று எழுதலாமே?

ஆசிரியை:
அண்ணா, அந்தச் சண்டையை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். இங்கே பரீட்சைத் தாளில் நாடி என்றுதான் வரும். மாற்றமைவுக்கு யார் யார் சம்மதம்?

டொக்டர்:
சம்மதம். வோர்டுக்குப் போக வேண்டும்.

தம்பி:
எனக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
நான் சம்மதிக்கவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். மாற்று என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. நாடி மாற்றமைவு என்றால் என் வீட்டுக்காரி பைபாஸ் என்றே நினைப்பார். திரிவமைவு என்று ஒருமுறை எழுதிப் பாருங்களேன்.

ஆசிரியை:
ஐயா, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் ரீமொடலிங் என்றும் போட்டிருக்கிறேன்.