ஹைடெல்பர்க் அஞ்சலட்டை: ஆண்டைக் கண்டறிய உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஹைடெல்பர்க் நகரின் பழைய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. வழக்கமான அட்டையைப் போல இரு மடங்கு அகலம், நடுவில் மடிப்பு. எதிர்க்கரை மலையிலிருந்து எடுத்த காட்சி: சரிவில் இடிந்த கோட்டை, கீழே தேவாலயக் கோபுரம், ஆற்றின் குறுக்கே 1788இல் கட்டி முடித்த கல்பாலம். 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படையே அந்தப் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தது. பின்னர் அதை மீண்டும் கட்டினார்கள் என்றாலும், பழைய வளைவுகளைப் படத்தில் முழுமையாகக் காணும்போது மனம் நெகிழ்கிறது.

முத்திரையில் ஆண்டு அழிந்திருக்கிறது. பின்புறம் முகவரிக்கும் செய்திக்கும் தனித்தனி இடம் இருக்கிறது; ஜெர்மனியில் இந்த முறை 1905இல்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. ஒட்டியிருப்பது ஜெர்மனியின் உருவகமான ஜெர்மானியா என்ற பெண்ணின் படம் கொண்ட பச்சை நிற 5 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) தபால்தலை மட்டுமே. 1916 ஆகஸ்டில் அஞ்சலட்டைக் கட்டணம் உயர்ந்துவிட்டதால் அதற்குப் பிந்தையதும் அல்ல என்று கருதுகிறேன்.

இந்த இடைவெளியை இன்னும் சுருக்க முடியுமா? செய்தி குர்ரென்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், தெளிவான படம் அனுப்புகிறேன். மடிப்பு வேறு கிழியத் தொடங்கியிருக்கிறது. பசைநாடா ஒட்ட எனக்கு விருப்பமில்லை, காலப்போக்கில் அது கறையாகிவிடும். காகிதப் பாதுகாப்பில் அனுபவம் உள்ளவர்கள் வேறு வழி கூறினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.