"அவர் குடியை விட்டால் போதும்" என்பதற்குப் பிறகு என்ன கேட்பது?

போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் குடும்பக் குழுவை நடத்துகிறேன். குடிநோயாளிகளின் மனைவிகளும் அம்மாக்களும்தான் அதிகம் வருவார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் முதலில் வரும் பதில், "அவர் குடியை விட்டால் போதும் மேடம்." நியாயமான ஆசைதான். ஆனால் அது அவர் கையில் இருக்கிறது. அதை மட்டும் நம்பியிருந்தால், அவர் மறுபடி குடிக்கிற அன்றைக்கு இவர் நொறுங்கிப்போவார். குடும்பத்தாருக்காக 1951ல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்களில் இதையேதான் சொல்வார்கள்: குடிக்கு நான் காரணமில்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ முடியாது.

கட்டிட வேலைக்குப் போகும் ஒரு அக்காவிடம், உளவியல் சிகிச்சையாளர்களான ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் பயன்படுத்திய கேள்வியைக் கேட்டேன். "நீங்க தூங்கும்போதே பிரச்சினை தீர்ந்துபோச்சுன்னு வச்சுக்கோங்க. யாரும் உங்ககிட்ட சொல்லல. காலையில எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

"அவர் குடிக்காம இருப்பார்."

"சரிக்கா. அப்போ நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருப்பீங்க?"

பேச்சே இல்லை. பக்கத்தில் இருந்தவர் "பிள்ளைங்க படிப்பு..." என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தார், வேண்டாம் என்று கைகாட்டினேன். இந்த இடத்தில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. அக்கா இடுப்பிலிருந்த சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அப்புறம் சொன்னார்: "சம்பளக் காசை அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வைக்க மாட்டேன் மேடம். என் காசு என் பேர்ல இருக்கும்."

இதற்குக் கணவர் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லையே! ஆதாரும் 500 ரூபாயும் இருந்தால் போஸ்ட் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். கூடவே போய் வந்ததும் அவர்தான்.

குடிப்பவர்கள் குழுவில் வேறு மாதிரி. லோடு ஆட்டோ ஓட்டும் ஒருவர், "எனக்கு ஒண்ணும் வேணாம், வீட்ல கொண்டாந்து விட்டுட்டாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குடியை விடுவது எவ்வளவு முக்கியம், 0 முதல் 10க்குள் சொல்லுங்கள் என்றேன். "3." உளவியலாளர்களான வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் உருவாக்கிய ஊக்க நேர்காணல் முறையில் (மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் பேச்சு முறை) அடுத்த கேள்விதான் முக்கியம். ஏன் 10 இல்லை என்று கேட்டால் விட முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். "ஏன் 0 இல்ல, 3?" என்று கேட்டால் விடுவதற்கான காரணத்தை அவரே தேடிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீக்கடையில ஒரு கையால டம்ளரைப் பிடிச்சுக் குடிக்கணும். கை ஆடுறதை எல்லாரும் பார்க்குறாங்க" என்றார். குடும்ப மானம், எதிர்காலம் என்று நாங்கள் பேசியதைவிட இந்த டம்ளர் அவருக்கு நெருக்கமாக இருந்தது. அதையே அவருடைய இலக்காக எழுதினோம். (கை நடுங்குகிறவர் திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள்.)

ஒரே ஒரு சூழலில் இந்தக் கேள்விகளை நான் தொடுவதில்லை. அடி வாங்கி, பயந்து வந்து உட்காரும் பெண்ணிடம் ஆசையைப் பற்றிப் பேச அது நேரமில்லை. இன்றிரவு எங்கே தங்குவார், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, 181 மகளிர் உதவி எண்ணுக்கு நானே கூட இருந்து பேச வைப்பேன்.