டீச்சர் அசிஸ்டன்ட் வேலை: ஆசிரியர் ஆவதற்குப் படிக்கட்டா, இல்லை அங்கேயே நின்றுவிடுவோமா?

நித்திலா:
வணக்கம். டிகிரி முடித்து நாலு வருடம் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன், ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் மறுபடியும் படிப்பு, ஃபீஸ் என்று இறங்குவதற்கு முன்னால் எனக்கு இது சரிப்படுமா என்று பார்த்துவிடலாமே என்று ஒரு பள்ளியில் டீச்சர் அசிஸ்டன்ட் வேலைக்குப் போட்டிருக்கிறேன். முதலில் இரண்டாம் வகுப்பு, முப்பது பிள்ளைகள். என்ன வேலை என்று கேட்டதற்கு "டீச்சருக்கு எல்லாவற்றிலும் உதவி" என்றார்கள். அந்த "எல்லாம்" தான் பயமாக இருக்கிறது. வீட்டில் வேறு "ஆயா வேலைக்கா டிகிரி படித்தாய்" என்று ஒரே பேச்சு. இதில் இருந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
மூன்று வருடம் அசிஸ்டன்டாக இருந்துவிட்டுத்தான் டீச்சர் ஆனேன், இப்போது பதினோரு வருடம் ஆகிறது. நான் கற்றுக்கொண்டது படிப்பில் கிடைக்காதது, அதனால் சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

சேர்ந்த புதிதில் ஒரு பையன் 42-இல் 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். தப்பு என்று சொல்லி, நானே பென்சிலை வாங்கி 25 என்று போட்டுக் காட்டினேன். அடுத்த கணக்கிலும் அதே தப்பு! டீச்சர் கூப்பிட்டு, "எப்படி வந்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்" என்றார். கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். அப்புறம், "ஏழிலேருந்து ரெண்டு போனா அஞ்சு, மிஸ். ரெண்டிலேருந்து ஏழு போகாதே" என்றான். அவன் கணக்குப்படி அவன் சரி! பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவனையே பிரிக்கச் சொன்னோம், அதோடு பிடித்துக்கொண்டான். அன்றைக்கு டீச்சர் முப்பது பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், அந்தப் பையன் தலைக்குள் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத்தான் கிடைத்தது.

சும்மா இருப்பது தான் இதில் கஷ்டம். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி தானாம், அதையே மூன்று வினாடியாக ஆக்கினால் பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பதில் சொல்கிறார்கள். மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், மூன்று நிமிடம் மாதிரி இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
சாக்பீஸுக்கு நல்ல டீச்சர் வாய்த்திருக்கிறார், அவ்வளவு தான். நான் ஆறு வருடம் இருந்தேன். ஜெராக்ஸ் எடுப்பது, லேமினேட் செய்வது, ஷூ லேஸ் கட்டுவது, ஒருவர் லீவ் என்றால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது. பாடம் என்னவென்று மணி அடித்த பிறகு தான் தெரியும். ஆறு வருடம் கழித்து டீச்சர் வேலைக்குக் கேட்டால் "தகுதிச் சான்றிதழ் இல்லையே" என்றார்கள், அனுபவத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. படிப்பை எப்போது தொடங்குவது என்று முதல் நாளே தேதி வைத்துக்கொள்ளுங்கள் தோழி, இல்லையென்றால் வருடம் ஓடிவிடும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் 2003 முதல் 2009 வரை பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அசிஸ்டன்டின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அவர்களைப் போன்ற மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். குற்றம் அசிஸ்டன்ட்கள் மேல் இல்லை, அவர்களைப் பள்ளிகள் பயன்படுத்திய விதத்தில்: தயாராக நேரம் தருவதில்லை, பின்தங்கிய பிள்ளையை அசிஸ்டன்டிடம் தள்ளிவிட்டு டீச்சர் மற்றவர்களிடம் போய்விடுகிறார். நான் இருந்த இடத்திலும் அச்சாக அப்படித்தான். அதனால் சேரும்போதே கேளுங்கள், வகுப்புக்கு முன்னால் டீச்சரோடு உட்காரப் பத்து நிமிடமாவது உண்டா என்று. முழித்தார்கள் என்றால் "எல்லாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மஞ்சள்பென்சில்:
நான் சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரே குழந்தைக்கு அசிஸ்டன்ட். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஒருமுறை டீச்சர் "உன் பேர் என்ன" என்று விளையாட்டாகக் கேட்டதற்கு அந்தக் குழந்தை பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே நாற்காலியை இரண்டு வரிசை தள்ளிப் போட்டேன்.

நித்திலா:
எல்லோருக்கும் நன்றி. இன்று போன் போட்டுப் பத்து நிமிடக் கதையைக் கேட்டேன். அந்த டீச்சரே லைனில் வந்து, "காலையில் பத்து நிமிடம் கஷ்டம், சாயங்காலம் பிள்ளைகள் போனதும் உட்காரலாம்" என்றார். வியாழக்கிழமை ஒரு நாள் வகுப்பில் இருந்து பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கடைசிபெஞ்ச்:
சாயங்காலம் என்றாலும் நல்லது தான், எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வது தான் வேலை.